லண்டனும் நியூ ஜெர்சியும் ஒன்றல்ல: புதிதாகப் போகிறவர்களுக்கு

நியூ ஜெர்சியில் ஏழு வருடம் இருந்துவிட்டு, அலுவலக மாற்றலில் லண்டனுக்கு வந்து சேர்ந்தேன். மொழி தெரியும், குளிர் பழகிவிட்டது, வெள்ளைக்காரர்களோடு வேலை பார்த்தாயிற்று. இனிமேல் புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்ற நினைப்பு. முதல் நாள் காலை அலுவலக நடையில் எதிரே வந்தவர் "ஆல்ரைட்?" என்றார். விமானக் களைப்பு முகத்தில் தெரிகிறது போல என்று எண்ணி, இரண்டு நாளாகத் தூக்கமில்லை, லேசாகத் தலைவலி என்று விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாவம் மனிதர், கையில் டீக் கோப்பையோடு நகரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். அது வெறும் வணக்கம்தான். நானும் "ஆல்ரைட்?" என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். அமெரிக்காவில் அதே கேள்வியை ஒருவர் கேட்டால், உங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நிஜமாகவே கவலைப்படுகிறார் என்று பொருள்.

நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் ஆங்கிலம், திரையில் பார்த்துப் பழகியது அமெரிக்க வாழ்க்கை. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் பாதி தெரிந்த மாதிரி ஒரு தைரியம் வந்துவிடுகிறது. மாட்டிக்கொள்வது அந்தத் தெரிந்த பாதியில்தான். இரண்டு திசையிலும் போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நான் பிரிட்டன் என்று சொல்வது பெரும்பாலும் இங்கிலாந்து, அமெரிக்கா என்று சொல்வது பெரும்பாலும் அதன் வடகிழக்கு மூலை. டெக்சஸ்காரரும் ஸ்காட்லாந்துக்காரரும் சில இடங்களில் தலையை ஆட்டி மறுப்பார்கள்.

படி 1: கிளம்பும் முன் சொற்களைச் சரிபாருங்கள்

பேன்ட்ஸ் என்றால் நமக்கும் அமெரிக்கர்களுக்கும் கால்சட்டை. பிரிட்டனில் ஜட்டி. மழையில் பேன்ட் நனைந்துவிட்டது என்று லண்டன் அலுவலகத்தில் சொன்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். அங்கே ட்ரவுசர்ஸ் என்று சொல்ல வேண்டும். ரப்பர் நம் பள்ளிக்கூடத்திலும் பிரிட்டனிலும் பென்சிலை அழிப்பது. அமெரிக்கப் பேச்சில் அது ஆணுறை. அங்கே கேட்க வேண்டியது இரேசர். நம் கல்யாண விளம்பரங்களில் தவறாமல் வரும் 'ஹோம்லி' என்ற சொல், பிரிட்டனில் வீடு போல இதமாக இருக்கும் இடத்தைக் குறிக்கும். அமெரிக்காவில் பார்க்கச் சுமாரான முகத்தைச் சொல்வது. அமெரிக்க நண்பரிடம் உங்கள் தங்கையைப் பற்றி அந்தச் சொல்லில் பெருமையாகப் பேசிவிடாதீர்கள்.

பப்ளிக் ஸ்கூல் என்பது அமெரிக்காவில் கட்டணமில்லாத அரசுப் பள்ளி. இங்கிலாந்தில் ஈட்டன் மாதிரி, பெரும் பணக்காரர்கள் பிள்ளைகளைச் சேர்க்கும் தனியார் பள்ளி. அரசுப் பள்ளியை இங்கே ஸ்டேட் ஸ்கூல் என்பார்கள். பிள்ளைகளின் பள்ளியைப் பார்த்து வீடு தேடும்போது இந்த ஒரு சொல்லால் வாரக்கணக்கில் குழம்பியவர்களைத் தெரியும். ஃபர்ஸ்ட் ஃப்ளோர் பிரிட்டனில் நம் ஊர் போல மாடி, அமெரிக்காவில் தரைத்தளம். பிரிட்டிஷ்காரர் 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை மணி.

தேதியை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 4/7 என்பது பிரிட்டனில் ஜூலை 4, அமெரிக்காவில் ஏப்ரல் 7. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பள்ளியில் கொடுக்கும்போது மாதத்தை எழுத்தில் எழுதிவிடுங்கள். பிறந்த தேதிக்கு முன்பே ஊசி போட்டதாக ஒரு படிவத்தில் வந்து, அதைத் திருத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மாத்திரைப் பெயரும் மாறும். பாரசிட்டமால் என்று அமெரிக்க மருந்துக்கடையில் கேட்டால் பலர் விழிப்பார்கள். அங்கே அதன் பெயர் அசிட்டமினோஃபென், டைலெனால் என்றால் சட்டென்று புரியும். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மாத்திரை கொண்ட குப்பியாகவே கிடைக்கும். பிரிட்டனில் சூப்பர்மார்க்கெட்டில் 16 மாத்திரை அட்டை, அதிகம் போனால் இரண்டு அட்டை. மொத்தமாக வாங்கி விழுங்கி உயிரை விடுகிறவர்களைத் தடுக்க 1998-இல் கொண்டுவந்த விதி அது. கடைக்காரர் உங்களைச் சந்தேகப்படுவதாக நினைத்துக் கோபப்பட வேண்டாம்.

படி 2: வீட்டைப் பழகுங்கள்

பிரிட்டன் வீடுகளில் ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் ஒரு சுவிட்ச் இருக்கும், நம் ஊர் மாதிரியே. அமெரிக்காவில் அது கிடையாது. அங்கிருந்து வருகிறவர்கள் சார்ஜரைச் செருகிவிட்டுத் தூங்கிப்போய், காலையில் செத்துப்போன ஃபோனோடு எழுந்திருப்பார்கள். குளியலறையில் ஷேவருக்கு மட்டும்தான் ஒரு பாயிண்ட் இருக்கும், விளக்குக்குக் கூரையிலிருந்து கயிறு தொங்கும். ஈரக் கையும் மின்சாரமும் சேரக்கூடாது என்ற கவனம். ஆகவே முடி உலர்த்துவதெல்லாம் படுக்கையறையில். துவைக்கும் இயந்திரம் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். என் மனைவிக்கு இன்றுவரை அது ஒப்பவில்லை.

பழைய வீடுகளில் கைகழுவும் தொட்டியில் வெந்நீருக்கு ஒரு குழாய், பச்சைத் தண்ணீருக்கு ஒரு குழாய். ஒன்று சுடும், மற்றது உறையும். இதற்கும் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் வெந்நீருக்கான நீர் பரணில் இருந்த தொட்டியிலிருந்து வந்தது. எலி விழுந்து கிடந்தாலும் தெரியாத அந்தத் தண்ணீர், தெருக்குழாயிலிருந்து நேராக வரும் குடிநீரோடு கலந்துவிடக் கூடாது என்று பிரித்து வைத்தார்கள். தொட்டி போய்விட்டது, குழாய்கள் மட்டும் பல வீடுகளில் அப்படியே நிற்கின்றன.

டீ போடுகிறவர்களுக்கு: பிரிட்டனில் 230 வோல்ட், அமெரிக்காவில் 120. பிரிட்டிஷ் கெட்டில் 3 கிலோவாட் வரை இழுக்கும், அமெரிக்கக் கெட்டில் அதில் பாதி. அதனால் அங்கே தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம். பல அமெரிக்க வீடுகளில் கெட்டிலே இல்லாமல் மைக்ரோவேவில் கோப்பையை வைத்து டீ போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தக் காட்சியைப் பிரிட்டிஷ் விருந்தாளிக்குக் காட்டாதீர்கள்.

அமெரிக்க வீட்டுக்குப் போகிறவர்கள் சமையலறை சிங்க் அருகே இருக்கும் சுவிட்சைக் கண்டால் கொஞ்சம் நிதானியுங்கள். அடியில் குப்பை அரைக்கும் டிஸ்போசல் இருக்கலாம். விளக்கு என்று நினைத்துப் போட்டால் பெரிய உறுமல் கேட்கும். முருங்கைக்காய்ச் சக்கையை அதில் தள்ளினால் பிளம்பருக்குச் செலவு உறுதி. குளிர், வெயில், அடுப்புச் சூடு எல்லாம் ஃபாரன்ஹீட்டில் இருக்கும். 350 டிகிரி அடுப்பு என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 180.

வாடகைக்கு மேல் வரும் செலவையும் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் சொத்து வரி வீட்டுக்காரர் பாடு. பிரிட்டனில் கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரியைக் குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும், அது மாதம் நூறு இருநூறு பவுண்டு என்று கடிக்கும். நேரலையாகத் தொலைக்காட்சி பார்த்தாலோ பிபிசி ஐபிளேயரைத் திறந்தாலோ டிவி லைசென்ஸ் வேறு, ஆண்டுக்கு 170 பவுண்டுக்கு மேல். இதை முதலில் சொன்னபோது என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

படி 3: கடையில்

பிரிட்டனில் அட்டையில் எழுதிய விலைதான் நீங்கள் கொடுக்கும் விலை. 20 சதவீத வாட் வரி அதற்குள்ளேயே அடங்கிவிடும். அமெரிக்காவில் வரியைக் கல்லாவில் சேர்ப்பார்கள், அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ ஜெர்சியில் 6.625 சதவீதம், ஆற்றைத் தாண்டி நியூ யார்க் நகரில் 8.875, டெலவேரில் ஒன்றுமே இல்லை. கையில் இருப்பதைச் சரியாக எண்ணி எடுத்துக்கொண்டு போனால் ஏமாறுவீர்கள்.

முட்டையைத் தேடி அலையாதீர்கள். அமெரிக்காவில் முட்டையைக் கழுவித்தான் விற்கிறார்கள். கழுவினால் ஓட்டின் மேலிருக்கும் இயற்கையான பூச்சு போய்விடும், அதனால் குளிர்பெட்டியில் வைத்தே ஆக வேண்டும். பிரிட்டனில் கழுவ மாட்டார்கள். சால்மொனெல்லா என்ற கிருமிக்கு எதிராகக் கோழிக்கே ஊசி போட்டுவிட்டு, முட்டையில் சிங்க முத்திரை குத்தி, மாவு சர்க்கரைக்குப் பக்கத்தில் சாதாரண அலமாரியில் அடுக்கியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய கடைகள் அன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். 1994-ஆம் ஆண்டுச் சட்டம். சாவகாசமாக மாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் கதவடைத்திருக்கும். அமெரிக்காவில் இந்தத் தொல்லை இல்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் நியூ ஜெர்சியின் பெர்கன் கவுண்டியில் ஞாயிறன்று துணிக்கடைகளே மூடியிருக்கும். கறிவேப்பிலை மாதிரி நம் ஊர்ச் சாமானுக்கு நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் ஓக் ட்ரீ ரோடு, லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ.

அமெரிக்கக் கல்லாவில் இருப்பவர் உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று கேட்பார், உங்கள் புடவை அழகு என்பார். கள்ளமில்லாத பேச்சுதான். நன்றி சொல்லி நீங்களும் ஒன்று கேளுங்கள். பிரிட்டனில் பேச்சு வந்தால் வானிலையில் தொடங்கும். "இன்றைக்குக் குளிர், இல்லையா?" என்றால் ஆமாம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "இது என்ன குளிர், சிகாகோவில் பார்க்க வேண்டும்" என்று நான் ஒருமுறை திருத்தினேன். பேச்சு அங்கேயே முடிந்தது.

வரிசையைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள், எல்லாம் உண்மை. பிரிட்டனில் முந்தினால் யாரும் சண்டை போட மாட்டார்கள். தொண்டையைச் செருமுவார்கள், பெருமூச்சு விடுவார்கள். அமெரிக்கரோ "எக்ஸ்க்யூஸ் மீ, லைன் அங்கே முடிகிறது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். எனக்கு இரண்டாவதே மேல். லண்டன் சுரங்க ரயில் நிலையத்தில் நகரும் படிக்கட்டில் வலப்பக்கம் நில்லுங்கள், இடப்பக்கம் நடப்பவர்களுக்கு. ரயிலுக்குள் அந்நியரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

படி 4: சாலையில்

இடமா வலமா என்பது ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாதது மற்ற விஷயங்கள்தான். அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் சிவப்பு விளக்கிலும் முழுதாக நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம், நியூ யார்க் நகரில் பலகை இருந்தாலொழியக் கூடாது. பிரிட்டனில் சிவப்பு என்றால் சிவப்பு. அங்கே குழப்புவது வட்டச் சந்திப்பு: வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிட்டு நுழைய வேண்டும். அமெரிக்காவில் குழப்புவது நான்கு பக்கமும் 'ஸ்டாப்' பலகை வைத்த சந்திப்பு: முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். நம் ஊரில் ஓட்டிய யாருக்கும் இது நம்ப முடியாத ஒழுங்காகத் தெரியும்.

மஞ்சள் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு மின்ன நின்றால், அமெரிக்காவில் நீங்களும் நின்றே ஆக வேண்டும். சாதாரண சாலையில் எதிர்த்திசையில் வருகிறவர்களும்தான். அபராதம் பலமாக இருக்கும். காவலர் உங்களை நிறுத்தினால், நம் ஊர்ப் பழக்கத்தில் மரியாதைக்கு இறங்கி ஓடிப்போய்ப் பேசாதீர்கள். காரிலேயே உட்கார்ந்து, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வைத்திருங்கள். அவர் கேட்ட பிறகு, சொல்லிவிட்டு, பணப்பையை எடுங்கள். பிரிட்டனில் பெரும்பாலான காவலர்கள் துப்பாக்கி வைத்திருப்பதில்லை, அந்தப் பதற்றம் அங்கே கிடையாது.

குறுகிய லண்டன் தெருவில் எதிர்க் கார் ஒதுங்கி வழிவிட்டால் கையை உயர்த்தி நன்றி காட்டுங்கள். காட்டாமல் போனால் அது அவருக்கு அன்று முழுவதும் உறுத்தும். பெட்ரோலை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். நியூ ஜெர்சியில் மட்டும் நாமே நிரப்பச் சட்டம் இடம் தராது, ஆள் வருவார். அங்கே ஏழு வருடம் சொகுசாக இருந்த நான், லண்டனில் முதல் தடவை காருக்குள் உட்கார்ந்து பத்து நிமிடம் காத்திருந்தேன்.

உரிமம்: அமெரிக்க உரிமத்தை வைத்துப் பிரிட்டனில் 12 மாதம் ஓட்டலாம், இந்திய உரிமத்துக்கும் அதே கணக்கு. அதன் பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். இருபது வருட அனுபவம் என்ற பெருமையில் போகாதீர்கள். அங்கே தேர்வுக்குப் போகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தோற்றுத் திரும்புகிறார்கள், நானும் ஒருமுறை திரும்பினேன். ஆட்டோமேட்டிக் காரில் தேறினால் கியர் காரை ஓட்ட அனுமதி இல்லை என்பதையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 5: மருத்துவர்

பிரிட்டனுக்கு வந்த முதல் வாரமே அருகிலுள்ள ஜிபி என்ற குடும்ப மருத்துவரிடம் பெயரைப் பதியுங்கள். காய்ச்சல் வந்த பிறகு ஓடாதீர்கள். 1948 முதல் நடக்கும் என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவை இலவசம் என்பார்கள். விசாவில் வருகிற நாம் ஆண்டுக்கு ஆளுக்கு 1,035 பவுண்டு முன்பணமாகக் கட்டிவிட்டுத்தான் வருகிறோம். பிள்ளைகளுக்கு 776. கட்டியாயிற்று, ஆகவே தயங்காமல் பயன்படுத்துங்கள். மருந்துச் சீட்டுக்கு இங்கிலாந்தில் ஒரு மருந்துக்குப் பத்து பவுண்டுக்குச் சற்றுக் கீழே, ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அதுவும் இல்லை. அவசரமில்லாத சந்தேகத்துக்கு 111, உயிர் ஆபத்துக்கு 999. அமெரிக்காவில் 911.

அமெரிக்காவில் ஆண்டுக்கொரு முறை முழுப் பரிசோதனை, சளி என்றால் நாலு சோதனை என்று பழகியவர்களுக்கு ஜிபி ஏமாற்றமளிப்பார். ஓய்வெடுங்கள், பாரசிட்டமால் போடுங்கள், சரியாகாவிட்டால் வாருங்கள் என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். அலட்சியம் இல்லை, அவர்கள் முறை அது. ஆனால் நிஜமாகவே முடியவில்லை என்றால் நம் பெரியவர்கள் மாதிரி "பரவாயில்லை, கொஞ்சம்தான் வலி" என்று சொல்லாதீர்கள். அந்த ஊரில் அதை அப்படியே எழுதிக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் மருத்துவரைத் தேடுவதற்கு முன், அவர் உங்கள் காப்பீட்டு நெட்வொர்க்குக்குள், அதாவது காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்பந்தப் பட்டியலில், இருக்கிறாரா என்று கேளுங்கள். டிடக்டிபிள் என்ற தொகை தீரும்வரை பெரும்பாலான செலவு உங்கள் பையிலிருந்துதான். சின்ன அவசரத்துக்கு எமர்ஜென்சிக்கு ஓடாமல் அர்ஜென்ட் கேர் என்ற சிறு மருத்துவமனைக்குப் போனால் பில் பல மடங்கு குறையும்.

படி 6: அலுவலகம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் தவறினால் சிரித்துவிட்டுப் போகலாம், இங்கே தவறினால் வேலைக்கே உலை.

அமெரிக்க மேலாளர் பாராட்டை வாரி இறைப்பார். "ஆசம்", "கிரேட் ஜாப்" என்பதெல்லாம் ஏறக்குறைய "சரி, கிடைத்தது" என்ற அளவுதான். குறை இருந்தால் பாராட்டுக்கு நடுவே செருகி, ஆனால் தெளிவாகவே சொல்வார். பிரிட்டிஷ் மேலாளரிடம் பாராட்டு "நாட் பேட்" என்று வரும். அது நல்ல மதிப்பெண். "குவைட் குட்" என்றால் அமெரிக்கரிடம் மிக நன்று, பிரிட்டிஷ்காரரிடம் சுமார், எதிர்பார்த்த அளவு இல்லை. "சுவாரசியமான யோசனை" என்றால் பெரும்பாலும் நடக்காது. "தைரியமான முடிவு" என்றால் பைத்தியக்காரத்தனம். "ஒன்றிரண்டு சின்னக் குறிப்புகள்" என்று எழுதி வந்தால் பாதியைத் திருப்பி எழுத வேண்டியிருக்கும்.

என் கதை: வந்த மூன்றாவது மாதம் ஒரு திட்ட அறிக்கை கொடுத்தேன். "நேரம் கிடைத்தால் நான்காம் பகுதியை இன்னொரு தடவை பார்க்கலாம்" என்றார் மேலாளர். நேரம் கிடைக்கவில்லை, நான் பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, நான் சொல் பேச்சுக் கேட்பதில்லை என்ற பேச்சு என் காதுக்கே வந்தது. அவர் கணக்கில் அது கட்டளை, என் காதில் யோசனையாக விழுந்திருந்தது. அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: இந்த மாதிரி வாக்கியம் வந்தால், "வெள்ளிக்கிழமைக்குள் மாற்றித் தந்தால் போதுமா?" என்று கேட்டுவிடுவேன். ஆமாம் என்று பதில் வந்தால் அது கட்டளை. உங்களுக்கும் இதையே சொல்வேன்.

இந்த மென்மையான பேச்சு உயிர் விஷயத்திலும் குழப்பியதாகச் சொல்வார்கள். கொரியப் போரில், 1951 ஏப்ரலில், இம்ஜின் ஆற்றங்கரையில் சீனப் படை சூழ்ந்த நிலையில் பிரிட்டிஷ் தளபதி தன் அமெரிக்க மேலதிகாரியிடம் நிலைமை கொஞ்சம் இக்கட்டாக இருக்கிறது என்றாராம். பிரிட்டிஷ் காதுக்கு அது அபாயச் சங்கு. அமெரிக்கர் அதைச் சமாளிக்கக்கூடிய நிலை என்று எடுத்துக்கொண்டாராம். பிரிட்டிஷ் தளபதியின் கீழிருந்த குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவில் பெரும்பாலோர் செத்தார்கள் அல்லது சிறைப்பட்டார்கள்.

கூட்டத்தில் 'டேபிள்' என்ற சொல் வந்தால் உஷார். பிரிட்டனில் ஒரு விஷயத்தை டேபிள் செய்வது இப்போதே பேச எடுப்பது. அமெரிக்காவில் ஒத்திப்போடுவது, நேர் எதிர். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இதை வைத்து நெடுநேரம் காரசாரமாக வாதாடி, கடைசியில் இரு தரப்பும் கேட்டது ஒன்றே என்று கண்டுகொண்டதாகச் சர்ச்சில் எழுதியிருக்கிறார்.

பிரிட்டிஷ் அலுவலகத்தில் டீ போட எழுந்தால் சுற்றி இருப்பவர்களிடம் "டீ வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். உங்களுக்கு மட்டும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தால் குற்றம் இல்லை, ஆனால் கணக்கில் ஏறும். விடுப்பும் வேறு மாதிரி. பிரிட்டனில் முழுநேர ஊழியருக்கு ஆண்டுக்கு 28 நாள் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு, பொது விடுமுறைகளும் அதற்குள் அடக்கமாகலாம். அமெரிக்காவில் சம்பள விடுப்புக்கு நாடு தழுவிய சட்டமே இல்லை, நிறுவனம் கொடுப்பதுதான். அங்கிருந்து வந்தவர்கள் பழக்கத்தில் விடுப்பை மிச்சம் பிடிப்பார்கள். இங்கே யாரும் அதற்காக மெச்ச மாட்டார்கள், எடுத்துவிடுங்கள். வேலையை விட பிரிட்டனில் ஒன்று முதல் மூன்று மாத நோட்டீஸ், அமெரிக்காவில் வழக்கம் இரண்டு வாரம். அங்கே அவர்களும் அதே வேகத்தில் உங்களை அனுப்ப முடியும்.

படி 7: உணவகம், பப்

அமெரிக்காவில் உட்கார்ந்து சாப்பிட்டால் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ். இது பெருந்தன்மை சார்ந்ததல்ல, கிட்டத்தட்ட கூலி. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு நாடு தழுவிய குறைந்தபட்சச் சம்பளம் 1991 முதல் மணிக்கு 2.13 டாலரிலேயே நிற்கிறது. பல மாநிலங்கள் கூடுதலாகத் தருகின்றன. பரிமாறியவர் மேல் கோபம் என்றாலும் டிப்ஸில் காட்டாதீர்கள், மேலாளரிடம் சொல்லுங்கள். காபிக் கடைத் திரை 25 சதவீதம் கேட்டுத் திரும்பி நிற்கும், அங்கே 'வேண்டாம்' என்று தட்டலாம். நான் தட்டுவேன்.

பிரிட்டனில் பரிமாறுகிறவருக்கும் முழு குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. லண்டன் உணவகங்கள் பில்லிலேயே 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருக்கும். அதைப் பார்க்காமல் மேலும் டிப்ஸ் வைத்தால் இரட்டைச் செலவு. சேவை மோசம் என்றால் அதை எடுக்கச் சொல்லவும் உரிமை உண்டு. 2024 அக்டோபர் முதல் அந்தப் பணத்தை ஊழியர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று சட்டம்.

பப்பில் மேசைக்கு ஆள் வருவார் என்று காத்திருக்காதீர்கள். கவுண்டருக்குப் போய் வாங்கி, அங்கேயே பணம் கொடுக்க வேண்டும், டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள். அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாருக்கு அடுத்து யார் என்பது எல்லாருக்கும் தெரியும். உங்களைத் தவறுதலாக முதலில் கேட்டால் "அவர் எனக்கு முன்னால்" என்று சொல்லுங்கள், அந்த ஒரு வாக்கியத்துக்கு நல்ல பெயர் கிடைக்கும். நண்பர்களோடு போனால் ரவுண்டு முறை: ஒருவர் எல்லாருக்கும் வாங்குவார், அடுத்து இன்னொருவர். நீங்கள் ஆரஞ்சு ஜூஸ் மட்டுமே குடித்தாலும் உங்கள் முறை உண்டு. சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றால் முதல் ரவுண்டை நீங்கள் வாங்கிவிடுங்கள். வாங்காமல் நழுவுகிறவரை வருடக்கணக்கில் நினைவு வைத்திருப்பார்கள். பைன்ட் என்ற பீர் அளவு இங்கே 568 மில்லி, அமெரிக்காவில் 473. குடிக்கும் வயது இங்கே 18, அங்கே 21, நரைத்த தலைக்கும் அங்கே அடையாள அட்டை கேட்பார்கள். லெமனேட் கேட்டால் அமெரிக்காவில் எலுமிச்சைச் சர்பத், பிரிட்டனில் கேஸ் போட்ட இனிப்புப் பானம்.

படி 8: வீட்டுக்குக் கூப்பிட்டால்

அமெரிக்கர் பத்து நிமிடத்தில் தன் விவாகரத்து வரை சொல்லிவிடுவார். அதனால் நெருங்கிய நண்பர் ஆகிவிட்டார் என்று பொருளில்லை. விருந்தில் முதல் கேள்வியே "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்றிருக்கும். பிரிட்டனில் அதைச் சட்டென்று கேட்டால் துருவுவது போல இருக்கும், எப்படி வந்தீர்கள், ரயிலில் கூட்டமா என்று தொடங்குங்கள். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வருடம் வானிலை மட்டுமே பேசுவார். அப்புறம் ஒரு நாள் ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியை உங்களிடம் கொடுத்து, பூனைக்குச் சாப்பாடு போடச் சொல்வார். அப்போது புரிந்துகொள்ளுங்கள்.

"ஒரு நாள் சாப்பிட வரணும்" என்று இரண்டு ஊர்க்காரரும் சொல்வார்கள். தேதி சொல்லும்வரை அது அழைப்பில்லை. இட்லிக்கு ஊறவைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், நாமே தேதி குறித்துக் கூப்பிட்டால் மகிழ்ச்சியாக வருவார்கள். வடக்கு இங்கிலாந்தில் 'டீக்கு வாருங்கள்' என்றால் இரவுச் சாப்பாடாக இருக்கலாம், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். கையில் ஒரு பூங்கொத்தோ சாக்லேட்டோ போதும். ஏழு மணி என்றால் பிரிட்டனில் ஏழேகாலுக்குள் போய் நில்லுங்கள், ஐந்து நிமிடம் முன்னால் மட்டும் வேண்டாம். அமெரிக்காவில் குழந்தையின் பிறந்தநாள் அழைப்பிலேயே முடியும் நேரமும் போட்டிருக்கும். நான்கு மணி என்றால் நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

பிரிட்டனில் கிளம்பும் நேரத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். பேச்சு கொஞ்சம் ஓயும், வீட்டுக்காரர் இரண்டு தொடையிலும் லேசாகத் தட்டிக்கொண்டு "ரைட்" என்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார். அப்போது கோட்டைத் தேடுங்கள்.